சிஸ்டம் சாரும் என் கையெழுத்தும்

கண்ணாடித் தடுப்பின் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாக நான் உள்ளே தள்ளிய படிவம் அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. வெளியே கொளுத்தும் வெயில். பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்ததில் துப்பட்டா கழுத்தோடு ஒட்டியிருந்தது. உள்ளே அந்த மனிதர் பழுப்பு நிற ஸ்வெட்டரின் பொத்தான்களை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலூரில் ஸ்வெட்டர் போட்ட ஒருவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். "அடையாள அட்டை நகல் ஒரு பக்கம்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் வேணும்மா" என்றார். பின்பக்கத்தில் நிறுவனத்தின் முகவரியைத் தவிர வேறொன்றும் இல்லை என்றேன். "அதுவும் வேணும்" என்றார். ஜெராக்ஸ் கடை பஸ் நிறுத்தத்தில் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் மதிய உணவு இடைவேளை என்று ஜன்னலை மூடியிருந்தார்கள். அந்த மூடிய கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, இந்த ஆளை நான் மன்னிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு தவறான ஆள்மேல், எவ்வளவு சீக்கிரமாக எனக்கு அந்தக் கோபம் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நான் கடலூர் முதுநகருக்குக் கிழக்கே, உப்பனாற்றைத் தாண்டி இருக்கும் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா பைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. நான் கல்லூரி முடித்தபோது ஒரு வரிசைகூட முழுதாக இல்லை. கடல் ஏன் எங்கள் பக்கம் மட்டும் இப்படித் தின்கிறது, இன்னும் எத்தனை அடி தின்னும் என்பதையெல்லாம் அலையின் போக்கை வைத்துக் கணக்கிட முடியும் என்று முதுகலை படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்கைப் போடத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு நிறுவனம் அது. பெயர் வேண்டாம். அங்கே குளிரூட்டிய அறை ஒன்றில், ஆளுயர அலமாரிகளில் அடுக்கிய பெரிய கணினி இருந்தது. மேசைக் கணினியில் மூன்று மாதம் ஓடும் கணக்கு அதில் மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், கோப்புகளை வைத்துக்கொள்ளத் தனி இடம் வேண்டும். அதைத்தான் அக்கவுண்ட் என்பார்கள். அது கிடைக்காத வரைக்கும் ஆராய்ச்சி மாணவர் என்ற பெயர்தான் இருக்கும், ஆராய்ச்சி இருக்காது.

ஸ்வெட்டர் போட்டவரை எல்லோரும் சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தொடாத வயது. பெண்ணாடம் பக்கத்துக்காரர், அவருடைய அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர் என்று பின்னால் தெரிந்தது. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனார். அந்தக் கணினி மையத்தில் ஒன்பது வருடமாக ஒப்பந்தப் பணியாளர். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அங்கிருந்த பேராசிரியர்கள் எல்லோருடைய ஆராய்ச்சியும் அவருடைய விரல்நுனியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஊழியர் சங்கக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. இதெல்லாம் அப்போது என் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டது ஸ்வெட்டரும் "அதுவும் வேணும்" என்ற குரலும்தான்.

மறுநாள் படிவத்தை வாங்கிக்கொண்டார். நடைமுறையைச் சொன்னார். "இப்போ பேப்பர்ல கையெழுத்து செல்லாது. இத நான் ஸ்கேன் பண்ணி உங்க நெறியாளருக்கு மெயில் அனுப்புவேன். அவரு அங்கேர்ந்து ஒப்புதல் குடுத்தாருன்னா, அன்னிக்கே அக்கவுண்ட் திறந்துடுவேன். அதுக்கு முன்னால முடியாது." நான் நேராக நெறியாளர் அறைக்குப் போனேன். நெறியாளர் என்றால் ஆராய்ச்சியில் எனக்கு வழிகாட்ட வேண்டிய பேராசிரியர். என் பட்டமே அவருடைய பேனாவில் இருந்தது. அவர் என்னை எப்போதும் "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். "அப்பா கடலுக்குப் போயிருக்காங்களா? காத்து ஜாஸ்தியா இருக்குதே" என்று விசாரிப்பார். எங்கள் குடும்பத்தில் யாரையும் ஓர் அலுவலக அறைக்குள் அப்படி உட்கார வைத்து யாரும் பேசியதில்லை. "மெயிலா? வந்துச்சும்மா, அப்பவே ஓக்கே குடுத்துட்டேனே" என்றார் சிரித்துக்கொண்டே.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடித் தடுப்புக்குப் போனேன். "இன்னும் ஒப்புதல் வரல" என்றார் சிஸ்டம் சார். திரும்ப நெறியாளர். "குடுத்தாச்சேம்மா. அந்த ஆளு அப்படித்தான், இழுத்தடிப்பான்." திரும்பக் கண்ணாடித் தடுப்பு. "வரலம்மா. மறுபடியும் அனுப்பியிருக்கேன்." இரண்டு மாதம் இப்படியே நடந்தேன். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்பது தெரிந்தது. அது யார் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. உட்கார வைத்துப் பேசியவரை நம்பினேன், நிற்க வைத்துப் பேசியவரை வெறுத்தேன். இத்தனை படித்த பிறகும் மனிதரை எடைபோட என்னிடம் இருந்த அளவுகோல் ஒரு நாற்காலிதான்.

உண்மை என்னவென்று பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நெறியாளருக்கு இத்தனை அக்கவுண்ட்தான் என்று வரம்பு இருந்தது. என் நெறியாளரின் இடங்கள் நிரம்பியிருந்தன. எனக்கு ஒன்று தர வேண்டுமானால், பட்டம் முடித்து வெளி மாநிலத்தில் வேலைக்குப் போய்விட்ட தன் பழைய மாணவர் ஒருவரின் அக்கவுண்டை அவர் மூடியாக வேண்டும். அந்த மாணவரோடு சேர்ந்து அவர் வெளியே ஏதோ திட்டத்துக்குக் கணக்குகள் ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் மூட மனமில்லை. அதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் காத்திருப்பேன், இல்லை வேறு நெறியாளரைத் தேடியிருப்பேன். சொல்லவில்லை. அவருக்குச் செலவில்லாத ஒரு பொய்யைச் சொல்லி, பழியைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மேல் தள்ளிவிட்டார்.

மூன்றாவது மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அந்தப் பழைய மாணவரின் பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் அதில் இருந்தன. "இப்போதைக்கு அவன் அக்கவுண்ட்ல போட்டு ஓட்டிக்கோ. உன்னோடது வந்ததும் மாத்திக்கலாம். யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத." எனக்கு அவர்மேல் நன்றி பொங்கியது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "அந்த ஆளப் பத்தி ஒரு புகார் எழுதிக் குடுத்துடும்மா. அப்பதான் உன் அக்கவுண்ட் நகரும்." எழுதினேன். கணினி மையப் பணியாளர் வேண்டுமென்றே காலதாமதம் செய்கிறார், மாணவியரிடம் மரியாதையில்லாமல் நடந்துகொள்கிறார் என்று ஒரு பக்கம். அவர் ஒரு நாளும் மரியாதையில்லாமல் பேசியதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன், வாக்கியம் நிறைவாக இருக்க வேண்டுமே என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஏழெட்டு மாதம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். கறுப்புத் திரையில் இன்னொருவர் பெயரில் நுழைந்தாலும் உள்ளே ஓடியது என் கடல். எங்கள் குப்பத்துக் கரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மழைக்காலக் காற்றை அதன்மேல் ஏவிப் பார்ப்பேன். முதல் முடிவு வந்த அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். எங்கள் தெருவின் வடக்கு முனையில் சிவப்பு நிறம் ஏறியிருந்தது. "இது எங்களுக்குத் தெரியுமே, இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?" என்றார் அப்பா. பிறகு படத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "கலெக்டர் ஆபீஸ்ல இத நம்புவாங்களா?" என்று கேட்டார். நம்புவார்கள் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் ஓட்டிய கணக்கு ஒன்று கட்டுக்கடங்காமல் கோப்புகளை எழுதித் தள்ளி, எல்லோருக்கும் பொதுவான சேமிப்பிடத்தை நிரப்பிவிட்டது. ஓர் எண்ணைத் தவறாகப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அதனால் நிறுவனம் முழுக்க எல்லாக் கணக்குகளும் நின்றுபோயின. வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் பதினோரு நாளாக ஓட்டிக்கொண்டிருந்த கணக்கு அழிந்தது. அவர் சும்மா இருப்பவரில்லை. யாருடைய அக்கவுண்ட் என்று பார்த்தார்கள். வெளி மாநிலத்துக்குப் போய்விட்ட அந்தப் பழைய மாணவருடையது. அவருக்கு எழுதிக் கேட்டார்கள். தான் அந்த நாளில் உள்ளே நுழையவே இல்லை, யாரோ தன் கடவுச்சொல்லைத் திருடியிருக்கிறார்கள் என்று பதில் போட்டார். திங்கட்கிழமை என்னை விசாரணைக் குழு முன்னால் நிற்க வைத்தார்கள்.

நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். ஓரத்தில் என் நெறியாளர், என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு. குழுவின் தலைவர் திருட்டு என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். அடுத்தவர் கடவுச்சொல்லைத் திருடிய குற்றத்துக்கு ஆராய்ச்சிப் பதிவையே ரத்து செய்யலாம் என்று விதியைப் படித்துக் காட்டினார். "சார்தான் குடுத்தாங்க" என்றேன். தலைவர் நெறியாளர் பக்கம் திரும்பினார். அவர் போனைக் கீழே வைத்தார். என்னைப் பரிவோடு பார்த்தார். "நான் அப்படிக் குடுத்ததா ஞாபகம் இல்லையேம்மா" என்றார். அந்தக் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. என் அப்பாவைப் பற்றி விசாரிக்கும் அதே குரல். அந்தத் துண்டுச் சீட்டை நான் எப்போதோ கிழித்துப் போட்டிருந்தேன், அவர் சொன்னபடியே.

அப்போது சிஸ்டம் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். அன்றைக்கு ஸ்வெட்டர் இல்லை. சட்டையின் முழுக்கையை மணிக்கட்டில் பொத்தான் போட்டு மூடியிருந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவரைப் பற்றி நான் எழுதிய புகார் அதே மேசையில்தான் இருந்தது. அவருக்குப் பழிதீர்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

அவர் யார் முகத்தையும் பார்க்காமல் தாள்களைப் பார்த்துப் படித்தார். இந்த மாணவியின் படிவம் இந்த நாளில் வந்தது. நெறியாளருக்கு இந்த நாளில் மின்னஞ்சல் போனது. பதில் இல்லை. மறுபடியும் அனுப்பியது இந்த நாளில். பதில் இல்லை. நினைவூட்டல், பதில் இல்லை. பழைய மாணவரின் கடவுச்சொல் ஒரு நாளில் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது நெறியாளரின் அறையிலுள்ள கணினியிலிருந்து. அடுத்த நாள்தான் மாணவி முதல்முறையாக அதில் நுழைந்திருக்கிறார். "அவ்வளவுதான் சார், இதுல இருக்கறது" என்றார். அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும். ஒரே அக்கவுண்ட் ரெண்டு ஊர்லேர்ந்து ஓடறத நான் பாத்தேன் சார். விதிப்படி நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. நிறுத்துனா இந்தப் பொண்ணு வேல நின்னுடும்னு தெரியும். அது என் தப்பு."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை மாதமாக என்னை உள்ளே விடாமல் தடுக்கிறார் என்று நான் யாரைச் சபித்தேனோ, அவர்தான் எட்டு மாதமாகக் கண்டும் காணாமல் என்னை உள்ளே விட்டிருந்தார்.

ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். இப்போது எல்லோரும் தணிந்திருந்தார்கள். நெறியாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் தட்டச்சு செய்த ஒரு தாளை என் முன்னால் வைத்தார். விஷயத்தைச் சுமுகமாக முடிக்கலாம், உன் எதிர்காலம் முக்கியம் என்றார். தாளில் இருந்தது இதுதான்: கணினி மையப் பணியாளரின் கவனக்குறைவால் அனுமதியற்ற பயன்பாடு நடந்துள்ளது, மாணவி அறியாமல் செய்த பிழை என்பதால் எச்சரிக்கப்படுகிறார், மாணவிக்கு உடனே தனி அக்கவுண்ட் வழங்கப்படும். நெறியாளர் என்ற சொல் அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. அந்த மனிதர் தானாக ஒப்புக்கொண்ட ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் ஆதாரத்தோடு படித்த மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

"படிச்சுட்டுப் போடும்மா" என்றார் நெறியாளர். பேனாவையும் அவரே நீட்டினார்.

படித்தேன். புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். மிரட்டினார்கள், சின்னப் பெண், கடலோரக் குடும்பம், பயந்துவிட்டாள் என்றெல்லாம் எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. எனக்கு அந்த அக்கவுண்ட் வேண்டும். அதனால் போட்டேன்.

அன்று மாலையே அக்கவுண்ட் வந்தது. பத்து மாதம் நடக்காதது மூன்று மணி நேரத்தில் நடந்தது. சிஸ்டம் சார் முதல்முறையாகக் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே வந்து உட்காரச் சொன்னார். உள்ளே அத்தனை குளிர். திரையில் என் பெயர், என் பெயர் மட்டும், வந்து நின்றது. தற்காலிகக் கடவுச்சொல்லைச் சொல்லி நுழையச் சொன்னார். நுழைந்ததும் புதியது கேட்டது. நான் தட்டச்சு செய்யும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இத யாருக்கும் குடுக்காத. உங்க நெறியாளருக்கும் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத" என்றார். சேமிப்பிடம் நிரம்பாமல் எப்படி எல்லை வைப்பது, பெரிய கணக்கை ஓட்டுவதற்கு முன் சின்னதாக ஓட்டிப் பார்ப்பது எப்படி என்று இருபது நிமிடம் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. "தேங்க்ஸ் சார்" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. பணிவிடுவிப்பு ஆணையில் 'கவனக்குறைவு காரணமாக' என்று போட்டிருந்தார்கள். புது ஆள் வந்தார். ஸ்வெட்டர் போடாமல் குளிரைக் குறைத்துவைத்தார். நான் மூன்றரை வருடம் அதே நெறியாளரிடம் வேலை செய்தேன். அவர் உட்காரச் சொன்னபோதெல்லாம் உட்கார்ந்தேன். பட்டம் கிடைத்த அன்று எடுத்த படத்தில் அவர் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன். அப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டித்தான் சாப்பிட உட்காருகிறேன்.

இப்போது சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போன வருடம் ஒரு சான்றிதழைப் பதிவேற்றுவதற்காகப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் இ-சேவை மையத்துக்குள் நுழைந்தேன். நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்கேனர், சுவரில் இருக்கும் விசிறி. புவனகிரிப் பக்கத்திலிருந்து பயிர்க் காப்பீட்டுக்கு வந்திருந்த ஒருவரின் சிட்டாவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் தலைநிமிராமல், "ஆதார் நகல் ரெண்டு பக்கமும் வேணும்" என்றார். குரலைக் கேட்டதுமே அது சிஸ்டம் சார் என்று தெரிந்துவிட்டது. தலையில் நரை ஏறியிருந்தது. வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

காத்திருந்தவர்கள் போனபிறகு பேசினேன். எந்த நிறுவனத்திலும் அவரை எடுக்கவில்லை. புதுச்சேரியில் ஓர் இடத்தில் நேர்முகத் தேர்வு நன்றாகவே முடிந்து, பழைய ஆணையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றார்களாம். அப்புறம் அவர் விண்ணப்பம் போடுவதையே விட்டுவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த ஆள சும்மா விடக்கூடாது சார். இன்னிக்கும் பெரிய மனுஷன் மாதிரி மேடையில உக்காந்துகிட்டு இருக்காரு" என்று கத்தினேன். அவர் ஸ்கேனரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வருதாம்மா கோவம்?" என்றார். "அந்தத் தாள்ல உன் கையெழுத்து இருந்துச்சு. நான் பாத்தேன். எனக்கும் ஒரு காப்பி குடுத்தாங்கல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர், "எனக்கு இது வேணாம். அந்த ஆர்டர்ல இருக்கற ஒரு வார்த்த போவணும். அதுக்கு எதாச்சும் செய்ய முடிஞ்சா செய்யி. இல்லன்னா விடு" என்றார்.

நடந்ததை எல்லாம் மூன்று பக்கத்தில் எழுதினேன். நான் கொடுத்த புகார் பொய் என்பதையும், கடவுச்சொல் யார் கொடுத்தது என்பதையும், எதைப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன் என்பதையும் விடாமல் எழுதி, நிறுவனத்தின் இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டாம் வாரம் பழைய நெறியாளர் போன் செய்தார். "எப்படிம்மா இருக்க? அப்பா தொழிலுக்குப் போறாங்களா?" என்று ஆரம்பித்தார். பிறகு, "உன் கல்லூரியில நிரந்தரம் பண்ற கமிட்டிக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. இந்த நேரத்துல எதுக்கும்மா பழைய குப்பையக் கிளறிகிட்டு?" என்றார். "எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு அந்த மேசைக்கு எதிரில் சொல்லியிருக்கலாமே.

நான்கு மாதம் பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மறுபடியும் எழுதினேன். புதிதாக வந்திருந்த இயக்குநர் கடைசியில் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை சிதம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போனோம். அதே நீள மேசை. ஓரத்தில் அதே ஆள், தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு. இயக்குநர் என்னைச் சொல்லச் சொன்னார். உட்காரச் சொன்னார்கள், நான் நின்றுகொண்டே சொன்னேன். "பாஸ்வேர்ட எழுதி எங்கிட்ட குடுத்தது இவுங்கதான். சிஸ்டம் சார் மேல பொய்ப் புகார் எழுதச் சொன்னதும் இவுங்கதான். எழுதினது நான். கையெழுத்துப் போட்டதும் நான்." சிஸ்டம் சார் தன் பையிலிருந்து அதே பழைய தாள்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஆறு வருடமாக அதை வைத்திருந்திருக்கிறார். நெறியாளர் இந்த முறையும் ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் இந்த முறை இயக்குநர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார்.

ஒரு மாதத்தில் திருத்திய ஆணை வந்தது. கவனக்குறைவு என்ற சொல் இல்லை. 'ஒப்பந்தக் காலம் முடிவுற்றதால்' என்று இருந்தது. மன்னிப்பு என்றோ வருத்தம் என்றோ ஒரு வரி இல்லை. வேலையும் திரும்பத் தரவில்லை; அவருடைய இடத்தில் இப்போது நிரந்தர ஆள் இருக்கிறார். நெறியாளர் மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. அடுத்த மாதமே அவருக்குப் பணி நிறைவு விழா நடந்தது. பூச்செண்டு கொடுக்கும் வரிசையில் நிற்க எனக்கும் அழைப்பு வந்தது. என் நிரந்தரம் தள்ளிப் போயிருக்கிறது. காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

திருத்திய ஆணை வந்த அன்று கல்லூரி முடிந்ததும் கடைக்குப் போனேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். எனக்கு அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டாரா என்று இருந்தது. ஏழு வருடம் கழித்தும் அவரிடமிருந்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன்.

"இப்ப வேற எடத்துல அப்ளை பண்ணலாம்ல சார்?" என்று கேட்டேன்.

"நாப்பத்தஞ்சு ஆவுதும்மா. இப்ப யாரு எடுப்பாங்க?" என்றார். பிறகு, தாளிலிருந்து படிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாத அதே குரலில் சொன்னார்: "செவ்வாக்கெழம அங்க நின்னு சொன்னியே, நல்லாத்தான் சொன்ன. அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா நான் இன்னும் அந்த ரூம்ல இருந்திருப்பேன்."

வாசலில் ஒரு பெண் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் பிள்ளையோடு வந்து நின்றாள். அவர் அவளை உள்ளே கூப்பிட்டு, தன் மேசைக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார வேண்டும் என்பதற்காக நான் எழுந்துகொண்டேன்.